ஆர்ட் பேப்பர் நனைந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் குடியிருந்த என் பழைய மாணவர் ஒருவர், தண்ணீர் வடிந்ததும் அலமாரியின் அடித்தட்டில் நனைந்து கிடந்த பதினேழு கலைப் புத்தகங்களையும் மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு மூன்றாம் நாள் போன் செய்தார். "சார், எல்லாம் செங்கல்லா ஆயிடுச்சு." போய்ப் பார்த்தேன். சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றில் ஒரு பக்கத்தை மெதுவாகப் பிரித்தேன், சரக்கென்று உரிந்தது. பார்வதியின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது, இந்தப் பக்கம் வெள்ளைத் தழும்பு மட்டும்.

கலைப் புத்தகங்களை அச்சிடும் ஆர்ட் பேப்பரின் வழவழப்பு, தாளின் மேல் பூசிய களிமண் அல்லது சுண்ணப் பொடியும் அதைப் பிடித்துவைக்கும் பசையும்தான். நனைந்தால் பூச்சு இளகும், காய்ந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். நாவல் அச்சிடும், பூச்சில்லாத மேப்லித்தோ தாள் நெளியும், கறைபடும், ஆனால் பெரும்பாலும் பிரிந்துவிடும். அதனால் கலைப் புத்தகம் நனைந்தால் முதலில் அதைக் காயவிடக் கூடாது. ஈரத்தோடு மெழுகுத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் சண்டை வரும், சமாளியுங்கள். உறைந்திருக்கும்வரை ஒட்டாது, பூஞ்சையும் வளராது. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் செருகி ஃபேன் காற்றில் உலர்த்தலாம். கரண்ட் இல்லையா, அன்றைக்கே உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். ஒரு தடிப் புத்தகத்துக்கே எனக்கு அரை நாள் போனது, பதினேழுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறைவாக வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். புத்தக வடிவமைப்பில் இருபது வருஷமாக இருக்கிறேன், ஒரு காலத்தில் முந்நூறு வைத்திருந்தேன், இப்போது ஒரே அலமாரி. கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலோ கிடைக்கிற புத்தகம் என்றால் அங்கே புரட்டிவிட்டு வந்துவிடுவேன், மூன்றாவது முறையும் அதைத் தேடிப் போனால்தான் காசு கொடுப்பது. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பழசு வாங்கும்போது விலை கேட்பதற்கு முன் மோந்து பாருங்கள், பூஞ்சை வாடை இருந்தால் அது உங்கள் அலமாரி முழுக்கப் பரவும். முதுகின் மேல் விளிம்பையும் பாருங்கள்: தாள்கள் கொத்துக் கொத்தாக மடித்துத் தைத்திருந்தால் சரி, வெறும் பசையில் ஒட்டியது என்றால் நாலு தடவை விரித்துப் படித்ததும் உதிர ஆரம்பிக்கும்.

எல்லாமே ஆர்ட் பேப்பராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. திருவான்மியூர் தாரா பதிப்பகத்தின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கையால் செய்த கருப்புத் தாளில் சில்க் ஸ்கிரீனில், அதாவது சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சிட்டது, மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்கள். விரலால் தடவினால் மை மேடு தட்டும். என்னிடம் அதிகம் அழுக்கானது அதுதான்.

அலமாரி மழைச்சாரல் வாங்கும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டில் புத்தகமே வேண்டாம். கனமானதைப் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் அட்டை போட்டால் சென்னைக் காற்றின் ஈரம் உள்ளேயே தங்கும், தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

மாணவர் இப்போது மூன்றாவது மாடிக்கு மாறிவிட்டார். பதினேழில் நான்கை மட்டும் திரும்ப வாங்கியிருக்கிறார். மற்ற பதின்மூன்றும் என்னென்ன என்று கேட்டேன், யோசித்து யோசித்து ஆறு பெயர்தான் சொன்னார்.