முதலில் மேடையேறுகிறவர்களுக்கும் காது கொடுங்கள்

பெரிய பாடகர் வருவதற்கு முன் பாடும் உள்ளூர்க் குழுவைப் பார்த்துக் கூச்சல் போடுவது பெங்களூரில் கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஓர் இசையமைப்பாளரின் நிகழ்ச்சி. முதலில் ஏறியது அல்சூர்ப் பிள்ளைகளின் குழு. இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டது. பாடிக்கொண்டிருந்த பெண் சரணத்தை முடிக்காமலே மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். லைவ் சவுண்ட் இன்ஜினியராக மிக்ஸர் பின்னால் நின்று இதை எத்தனை தடவைதான் பார்ப்பது?

“வாசிக்கத் தெரியாதவங்களை ஏன் ஏத்துறீங்க, சவுண்டே கேவலமா இருக்கு” என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். சவுண்ட் மோசமாக இருப்பது உண்மைதான். காரணம் அவர்கள் இல்லை. சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் மேடையில் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது, தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் பாடும் பெரிய குழுவுக்கு முதலில் செக், முதலில் பாடும் குழுவுக்குக் கடைசியில். மூன்று மணிக்கு முடிய வேண்டிய பெரிய குழுவின் செக் ஐந்தரை வரை இழுக்கும். அதற்குள் கேட் திறந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது லைன் செக் மட்டும்: ஒவ்வொரு மைக்கிலும் சிக்னல் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. அவர்களுக்கான மிக்ஸை, அதாவது குரலும் வாத்தியங்களும் எந்த அளவில் கேட்க வேண்டும் என்ற கலவையை, நான் முதல் பாட்டு ஓடும்போதுதான் போட ஆரம்பிக்கிறேன். பெரிய குழுவின் டிரம்ஸ் கறுப்புத் துணி போர்த்தி நடு மேடையை அடைத்திருக்கும். அதற்கு முன்னால் கிடைத்த இடத்தில் இவர்கள் நிற்க வேண்டும். பாடுகிறவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரலே சரியாகக் கேட்காமல் சுருதி பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில நிகழ்ச்சிகளில் இந்த அளவுக்கு மேல் சத்தம் போகக் கூடாது என்று மெயின் குழுவின் இன்ஜினியரே வரம்பு வைத்துவிடுவார். உள்ளரங்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை. ஆட்கள் நிறைந்த ஹாலில் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பாதி காலியான ஹாலில் ஒலி சுவரில் மோதித் திரும்பி, பாட்டின் வார்த்தைகள் குழம்பிப்போகும். நீங்கள் பார்க்கிங்கில் பேசிக்கொண்டு நிற்பதாலும் சவுண்ட் கெடுகிறது. பழி மட்டும் அந்தப் பிள்ளைகள் தலையில்.

நேரமும் அவர்களிடமிருந்துதான் பிடுங்கப்படும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். எந்தத் தாமதம் வந்தாலும் மெயின் நிகழ்ச்சியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நாற்பது நிமிடம் என்று பேசி வரவழைத்த குழுவை இருபது நிமிடத்தில் இறக்குவார்கள். பணம்? வண்டி வாடகைக்கே பல சமயம் போதாது.

இதே ஊரில் 2007 மார்ச்சில் அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் ராக் குழு வாசித்தபோது முன்னால் ஏறியவர்களில் டெல்லியின் பரிக்ரமா குழுவும் உண்டு. அந்த வருடமே அவர்கள் இங்கிலாந்தின் டவுன்லோட் ராக் இசை விழா மேடையில் நின்றார்கள். 2011 அக்டோபர் 30 அன்று இங்கே அமெரிக்காவின் மெட்டாலிகா குழுவுக்கு முன்னால் வாசித்தவர்களில் நம் பெங்களூர்ப் பையன்களின் இன்னர் சாங்டம் குழுவும் உண்டு. மார்கழியில் மத்தியானக் கச்சேரிக்குப் போய், நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவரை இன்றே கேட்டோம் என்று பெருமைப்படுகிற ஆட்கள்தானே நாம்?

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு வாருங்கள். டிராபிக் என்று சாக்குச் சொல்லாதீர்கள், மாதாவரா மைதானங்களுக்கு இப்போது பச்சை லைன் மெட்ரோவே போகிறது. பின்னால் ஒதுங்காமல் மேடைப் பக்கம் வாருங்கள். முன்னால் வெற்றுத் தரையைப் பார்த்துப் பாடுவது கொடுமை. தெரியாத பாட்டாக இருந்தாலும் முடிந்ததும் கை தட்டுங்கள். வீடியோ எடுத்தால் குழுவின் பெயரோடு போடுங்கள். அடுத்த வாய்ப்புக் கேட்டுப் போகும்போது, கூட்டத்தோடு எடுத்த வீடியோ இருக்கிறதா என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்பார்கள். பிடிக்கவில்லையா, வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இன்னொருவர் பெயரைச் சொல்லி மட்டும் கத்தாதீர்கள், தயவுசெய்து.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களே, போஸ்டரில் அவர்கள் பெயரையும் படிக்கிற அளவில் போடுங்கள். கேட் திறப்பதற்கு முன் அரை மணி நேரமாவது அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். நல்ல மிக்ஸ் கொடுக்க எனக்கு அது போதும்.