டெம்பரா, டஃபனா, தோய்ச்சலா?

செல்போன் கடையில் “டெம்பர் ஒட்டிரலாமா?” என்று கேட்கிறார்கள். வீட்டின் பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு யுபிவிசி ஜன்னல் போடலாம் என்று கண்ணாடிக் கடைக்குப் போனால் “பிளெயினா, டஃபனா?” என்கிறார்கள். டெம்பர்டு, டஃபன்ட் இரண்டும், எளிதில் உடையாதபடி உறுதியாக்கிய ஒரே கண்ணாடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள். முதலாவது அமெரிக்க வழக்கு, இரண்டாவது பிரிட்டிஷ் வழக்கு. கட்டடக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2553 டஃபன்ட் என்றே சொல்கிறது. நம் ஜன்னல் கடைக்காரர் வாயிலும் அதுதான் நிலைத்திருக்கிறது.

‘டெம்பர்’ என்பதன் வேர் லத்தீன் ‘டெம்பெராரே’. அளவறிந்து கலப்பது, மட்டுப்படுத்துவது என்று பொருள். உடலில் நால்வகை நீர்களின் கலவைதான் மனநிலையைத் தீர்மானிக்கிறது என்ற பழைய ஐரோப்பிய மருத்துவ நம்பிக்கையிலிருந்து, அதே சொல் குணத்துக்கும் பெயரானது, பிறகு கோபத்துக்கும். இந்திய ஆங்கிலத்தில் நாம் கடுகு தாளிப்பதும் டெம்பரிங்தான்! கொல்லுப்பட்டறைக்கு வந்தால் பொருள் இறுகுகிறது. பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும், ஆனால் பொசுக்கென்று உடையும். அந்த உடையும் குணம் குறைய, மறுபடி மிதமாகச் சூடுகாட்டுவார்கள். இந்த இரண்டாம் சூட்டுக்குத்தான் டெம்பரிங் என்று பெயர்.

கண்ணாடியில் அந்த இரண்டாம் சூடே கிடையாது. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேல்பரப்பு சட்டென்று இறுகிவிடும். உள்பகுதி பின்னால்தான் ஆறும்; ஆறும்போது சுருங்கி, ஏற்கெனவே இறுகிய மேல்பரப்பை உள்ளே இழுக்கும். அதனால் மேல்பரப்பு எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. விரிசல் விழ வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை வென்றாக வேண்டும். சாதாரணக் கண்ணாடியைப் போல் நான்கைந்து மடங்கு தாங்குவதும், உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளக்காமல் கற்கண்டு போல் பொலபொலவென்று உதிர்வதும் இதனால்தான். ஆக, டெம்பர்டு என்ற பெயர் கண்ணாடிக்கு முழுதாகப் பொருந்தவில்லை. டஃபன்ட் என்பது செய்முறையை விட்டுவிட்டு விளைவை மட்டும் சொல்கிறது; அது பரவாயில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘வேர் ட்ராம்ப்பே’ என்கிறார்கள். அதுவும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் அந்த மொழியில் அதற்கு முக்குதல், நனைத்தல் என்று பொருள் திரிந்திருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த தெ லா பாஸ்டி 1874இல் காப்புரிமை பெற்ற முறையும் சூடான கண்ணாடியை எண்ணெயில் முக்குவதுதான். பெயரும் செய்கையும் சரியாகப் பொருந்தி வந்தது அங்கேதான்.

சரி, தமிழில்? ‘கடினப்படுத்தப்பட்ட கண்ணாடி’ என்று எழுதுகிறார்கள். கடினம் கூடுவதில்லை, சாதாரணக் கண்ணாடியில் கீறல் விழுவது போலவே இதிலும் விழும். ‘வலுவூட்டப்பட்ட கண்ணாடி’ என்றால், வலுவூட்டிய கான்கிரீட்டில் கம்பி இருப்பதுபோல் உள்ளே கம்பி வலை வைத்ததோ என்று தோன்றும். அப்படியும் ஒரு கண்ணாடி உண்டு என்பதால் குழப்பம் நிச்சயம். ‘பதப்படுத்திய’ என்பது தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது.

நம் கொல்லர்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: தோய்த்தல். காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்து உரமேற்றுவது. செய்கை மிகப் பழையது. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பாண்டிய மன்னன் உக்கிரப் பெருவழுதி கைப்பற்றிய கானப்பேரெயில் கோட்டையை மீட்பது, “கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்பு உண் நீரினும் மீட்டற்கு அரிது” என்கிறார். பழுத்த இரும்பு குடித்த நீரைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆகவே என் வாக்கு ‘தோய்ச்சல் கண்ணாடி’க்கு. இன்று ஜன்னல் கண்ணாடியைத் தோய்ப்பது காற்றில்தானே என்று மடக்கலாம். மடக்கட்டும், சட்டென்று குளிர்விப்பதுதான் சங்கதி. வேடிக்கை என்னவென்றால், செல்போனில் ஒட்டும் மெல்லிய கண்ணாடிக்குக் காற்று முறை ஒத்துவராது. அதில் நல்ல வகைகளை, உருகிய பொட்டாசியம் உப்பில் உண்மையாகவே தோய்த்து எடுக்கிறார்கள். சோடியம் அயனி வெளியேறி, அதன் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனி நெருக்கியடித்து உட்கார்ந்து மேல்பரப்பை இறுக்குகிறது. அது டஃபன் போலக் கற்கண்டாக உதிர்வதுமில்லை.

மூலங்கிழார் சொன்ன ‘மீட்டற்கு அரிது’ எனக்கு வேறு விதத்தில் புரிந்தது. எங்கள் பால்கனிக் கதவுக்கு அளவெடுத்தவர் கால் அங்குலம் கூடுதலாகக் குறித்துவிட்டார். ஓரத்தைக் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாமே என்றேன். கடைக்காரர் சிரித்தார். தோய்த்த பின் அறுக்கவோ துளையிடவோ முடியாது, கீறல் உள்ளே போனதும் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும். புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. அளவும் துளையும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கதவு, தரையை ஒட்டிய தாழ்வான ஜன்னல், குளியலறை, இங்கெல்லாம் இது வேண்டும். உடைந்தாலும் கீழே விழக்கூடாத மாடி ஜன்னலுக்கு, இடையில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் மேல். அது வேறு பொருள், விலை கேட்கும்போது கலந்துவிட வேண்டாம். வந்திறங்கிய கண்ணாடியின் மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் மாட்டிக்கொண்டு சாய்த்துப் பாருங்கள், கார் பின்கண்ணாடியில் தெரிவதுபோல் திட்டுத் திட்டாக நிழல் தெரியலாம்; தோய்த்ததற்கு அது அடையாளம்.

அப்புறம், கடையில் போய்த் ‘தோய்த்த கண்ணாடி’ என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் தோய்ப்பது துணியைத்தான். கழுவித் துடைத்த கண்ணாடியைக் காட்டுவார்கள்.