பிட்ச் பைன்: கீல் இருக்க தேவதாரு எதற்கு?

நண்பர் ஒருவர் தன் மொழிபெயர்ப்பைப் பார்த்துத் தரச் சொன்னார். நியூ ஜெர்சி மணற்காட்டில் தீ பரவி அடங்கிய கட்டம். கரிந்துபோன ‘தேவதாரு’வின் அடிமரத்திலிருந்தே பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கிறது. இமயமலை மரம் அங்கே எப்படிப் போனது? மூலத்தைப் புரட்டினால், பிட்ச் பைன். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை.

பிட்ச் பைன் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மரம். மெயின் மாநிலம் தொடங்கி ஜார்ஜியா வரை உண்டு. 1768இல் தாவரவியலர் மில்லர் இதற்கு வைத்த தாவரவியல் பெயர் பைனஸ் ரிஜிடா. ஊசியிலைகள் மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கும். ‘பிட்ச்’ என்பது மரத்தாரைக் காய்ச்சி இறுக்கிய பொருள்; சொல் லத்தீன் ‘பிக்ஸ்’ வழி வந்தது. மர வியாபாரிகள் பிட்ச் பைன் என்று விற்ற பலகை பெரும்பாலும் இதன் பங்காளியான நீள ஊசிப் பைனுடையது. 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் தேவாலய பெஞ்சுகள் பல அந்தப் பலகைதான். ஆகவே காட்டில் நிற்கும் மரமா, அறுத்த பலகையா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவதாருவுக்கு வருவோம். அது கேதுரு (சீடர்) இனம், பைனே கிடையாது. அதன் காய் கிளையில் நிமிர்ந்து நின்று, முற்றியதும் மரத்திலேயே உதிர்ந்து சிதறும். நியூ ஜெர்சிப் பிட்ச் பைனின் காயோ பிசினால் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் விரிந்து விதையைக் கொட்டும். நம் வறண்ட காடுகளில் செம்புளிச்சானுக்கும் தேவதாரம் என்று பெயர் உண்டு. ஏற்கெனவே இரண்டு மரம் சுமக்கும் பெயரின் தலையில் மூன்றாவதையும் ஏற்றுவானேன்?

‘சரளம்’ என்று போடுங்கள் என்பார்கள் தனித்தமிழ்க்காரர்கள் சிலர். அது இமயமலைப் பைனுக்கான வடசொல். ஆங்கிலத்தை விரட்ட சமஸ்கிருதத்தை அழைத்து வந்து அதற்குத் தனித்தமிழ் என்று பெயர் வைப்பது என்ன கணக்கோ. ‘ஊசியிலை மரம்’ என்றால் அந்தக் குடும்பம் முழுவதும் வந்து நிற்கும். பைன் பைனாகவே இருக்கட்டும். (கணினி மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘சுருதிப் பைன்’ என்றும் பார்த்திருக்கிறேன்; இசையில் பிட்ச் என்றால் சுருதி. வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் பைன் மரத்தில் வடியும் பாலிலிருந்து வருவதால் அதை மட்டும் மன்னித்துவிட்டேன்.)

உண்மையான சண்டை ‘பிசின் பைன்’ என்பவர்களோடுதான். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பைனில் பிசின் இல்லை? அதோடு, பிசின் என்றதும் தமிழ்க் காதுக்கு வேலம்பிசின்தான் நினைவு வரும். அது தண்ணீரில் கரையும். பைன் மரத்துப் பால் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். பிட்ச் என்பது அந்தப் பாலும் அல்ல, அதற்கு இரண்டு படி தள்ளி வருவது. விறகை மண் மூடிய சூளையில் காற்றில்லாமல் புகைய விட்டால் வடிவது தார். தாரைக் கொதிக்க வைத்து இறுக்கினால் பிட்ச். மரக்கப்பலின் பலகை இடுக்கில் கலப்பற்று (நார் அடைப்பு) அடித்து மேலே பூசுவது இதைத்தான். ‘தார் பைன்’ ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகிறது, சாலையையும் நினைவூட்டுகிறது.

இறுக்கிய அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இருக்கிறது: கீல். மலையாளத்திலும் அதுவே. பழைய தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசியது கீல். மோசேயைக் கிடத்திய நாணற்பெட்டிக்கோ ‘பிசினும் கீலும்’. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதியவர்களுக்கு இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கிறது. பேழையின் மரம் இன்னதென்று தெரியாததால் ‘கொப்பேர் மரம்’ என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்திருந்தால் அதுவும் தேவதாரு ஆகியிருக்கும். ஆனால் அவர்களும் சுத்தம் இல்லை. லீபனோன் மரத்தைக் கேதுரு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற வேறொரு மரத்துக்குத் தேவதாரி என்று பெயர் சூட்டியவர்கள்தான்.

கீல் என்றால் மூட்டு, கதவின் கீல் என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அஸ்பால்ட்டை ‘நிலக்கீல்’ என்று எழுதும்போது யாரும் நிலத்துக்குக் கதவு தேடுவதில்லை.

நண்பரின் பிரதியில் தேவதாருவை அடித்துவிட்டு ‘கீல் பைன்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஓரத்தில் பென்சில் கேள்வியோடு திரும்பி வந்தது: “கீலா, கீழா?”