முதல் பட்டதாரி சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் போதாது

இந்த சீசனில் இது ஆறாவது குடும்பம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா, மஞ்சள் பையிலிருந்து முதல் பட்டதாரி சான்றிதழை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு ஃபீஸ்ல எவ்வளவு சார் குறையும்?" என்றார். எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏப்ரலிலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில், 'ஐம்பது பர்சென்ட் ஸ்காலர்ஷிப்'போடு. ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று நான் சொன்னதும் அவர் பெண்ணைப் பார்த்தார், பெண் தரையைப் பார்த்தது.

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஸ்காலர்ஷிப் பிரிவில் 14 வருடம் இருந்துவிட்டு, இப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் சேர்க்கை ஆலோசனை சொல்கிறேன். தொண்டை வறளச் சொல்லியும் புரியாத விஷயம் இது ஒன்றுதான், அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். தாசில்தார் அலுவலகம் தரும் அந்தச் சான்றிதழ், உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். சலுகை ஒட்டிக்கொண்டிருப்பது சீட்டில். டிஎன்இஏ எனப்படும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வாங்கிய சீட்டாக இருந்தால் சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை, கல்விக் கட்டணத்தில் கழித்துவிடுவார்கள். அதே கல்லூரியில், அதே வகுப்பில், பக்கத்து பெஞ்சில் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள்ளேயே வராது, ஆகவே அங்கேயும் கிடையாது. அக்கா ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தம்பிக்கும் கிடையாது. பத்தாவதுக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இப்படித்தான், 2018-இல் வந்த மத்திய அரசின் விதிமுறை நிர்வாக ஒதுக்கீட்டை வெளியே தள்ளிவிட்டது.

என்னால் தாங்கவே முடியாதது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏமாறுவது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இலிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது, படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் 'ஸ்காலர்ஷிப் தர்றோம்' என்று முன்பணம் வாங்கும் ஏஜென்டை என்னவென்று சொல்வது?

அந்த ஐம்பது பர்சென்ட் கதைக்கு வருவோம். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கலந்தாய்வு இடம் என்றால் 55,000 ரூபாய், நிர்வாக இடம் என்றால் 87,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இந்தக் கணக்கு தெரிந்தவன், வருடம் 1,60,000 என்று எழுதிக் காட்டி அதில் பாதியைக் கழிப்பதை உதவித்தொகை என்று சொல்லமாட்டான், ஆடித் தள்ளுபடி என்றுதான் சொல்வான். மதிப்பெண்ணுக்கு உண்மையாகவே நல்ல உதவித்தொகை தரும் கல்லூரிகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடத்துக்கும் உண்டா, ஒரு அரியர் விழுந்தால் போய்விடுமா, பஸ்ஸுக்கும் பயிற்சிக்கும் தனியாக எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் கல்லூரியில் பேசி வைத்திருந்தாலும் சரி, கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் மாவட்டத்திலேயே சேவை மையம் இருக்கிறது. கல்லூரிகளை எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகத் தேர்வு செய்யலாம், பத்தோடு நிறுத்திக்கொண்டு அப்புறம் அழ வேண்டாம். பெண் பிள்ளை, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் என்றால் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகைக்கும் போடுங்கள், தேர்வானால் வருடத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் நிற்பதால் மாட்டிக்கொண்ட விண்ணப்பங்களை வைத்தே நான் ஒரு பீரோவை நிரப்பியிருக்கிறேன். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைத்ததாக இருக்கட்டும், அம்மாவின் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

தயவுசெய்து, அசல் சான்றிதழ்களை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இலேயே சொல்லிவிட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குள் விலகினால், ஏஐசிடிஇ விதிப்படி கல்லூரி பிடித்துக்கொள்ளக்கூடியது அதிகபட்சம் 1,000 ரூபாய்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல காலம், பள்ளி ஆசிரியை ஒருவர் வற்புறுத்திக் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய வைத்திருந்தார். அன்றைக்கே கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். டிசியும் மார்க் ஷீட்டும் கைக்கு வரப் பதினொரு நாள் ஆனது. கட்டிய முன்பணத்துக்காக அப்பா இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.