ஆயில் பெயிண்டை ரப்பர் அழிக்குமா?

சேலம் அம்மாபேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: ‘உலர் தூரிகை முறையில் முகம் வரைபவர்கள் ஆயில் பெயிண்டைப் பென்சில் ரப்பரால் அழிக்கிறார்களே, எப்படி?’

விடையில் பாதி தாளில் இருக்கிறது. செல்லுலோஸ் நார்களின் இடுக்குகள் பெயிண்டிலுள்ள ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சி, நிறத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் படரவிடும். நாளாக நாளாகத் தாளும் நொறுங்கும். அதனால் தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதுபோலத் தாளுக்கும் போட வேண்டும். 100 மி.லி. குளிர்ந்த நீரில் 3 கிராம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைக் கரைத்துக் கிளறியபடி சூடாக்குங்கள். 60–70 டிகிரி செல்சியஸில் மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி உடையும். பால்போன்ற கரைசல் தெளியும். மலை மேலுள்ள ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்றாலும் இதற்கு அது தாராளம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாளில் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். பின்பக்கமும் பூசாவிட்டால் தாள் சுருளும். இந்த மாவின் ஸ்டார்ச் எண்ணெயில் கரையாது; எண்ணெய் அந்தப் படலத்தின் மேலேயே நின்றுவிடும். இதே கிழங்கில் செய்யும் சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதே கிழங்கு மாவு ஓவியத்தாளுக்கு எவ்வளவு ஏற்றது என்று ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

இனி தூரிகை. ஒரு முகத்துக்குப் பச்சைப்பயறு அளவு கறுப்புப் பெயிண்ட் போதும். பன்றிமயிர்த் தூரிகையில் அதைத் தொட்டு, வேறொரு தாளில் தேய்த்துத் தேய்த்து, லேசான சாம்பல் தடம் மட்டும் விழும்வரை காயவையுங்கள். பிறகு படத்தின் மேல் வட்டவட்டமாக, அழுத்தாமல் ஓட்டுங்கள்.

அழகே இந்த இடத்தில்தான். வழவழப்பாகத் தெரியும் தாளிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. உலர்ந்த தூரிகை மேடுகளின் உச்சியை மட்டும் தொடும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அந்தக் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிய முடியாமல் கண் இரண்டையும் சாம்பலாகக் கலந்துகொள்கிறது. கன்னத்தின் வளைவுக்கு வெள்ளைப் பெயிண்டே வேண்டாம். நிழல் இன்னும் அடர வேண்டுமா? அடுக்கின் மேல் அடுக்கு. தூரிகையை அழுத்தினால் பெயிண்ட் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பிறகு எந்த ரப்பரும் எட்டாது.

உச்சியில் நிற்பதால்தான் ரப்பர் அதை உருட்டி எடுக்கிறது. மூக்கு நுனி ஒளியும் கண்மணிப் புள்ளியும் இப்படி அழித்தே பிறக்கின்றன. ஆனால் கெடு உண்டு. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்ஸிஜனோடு வினைபுரிய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இறுகிய பிறகு ரப்பருக்கு வேலையில்லை. இதைத் தள்ளிப்போடத்தான் சிலர் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் சேர்க்கிறார்கள். அது கனிம எண்ணெய், தானாக இறுகாது. ஒரு சொட்டு மூன்றானால் படம் மாதக்கணக்கில் கையில் ஒட்டும்.

கஞ்சி போட்ட தாளில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். ஏற்காட்டு மழைக்காலத்தில் சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் சற்று இடைவெளி விடுங்கள்.