திருநங்கை: சொல்லும் வினைமுற்றும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் கடை. சேலையில் ஓர் அக்கா உள்ளே வர, பக்கத்து மேசைப் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "பொண்டான் வருது பாரு" என்றார். 'பொண்டான்' திருநங்கையரைக் குறிக்க மலாய்க்காரர்களிடம் வாங்கிய வசை. ஆனால் அந்த 'வருது' நம்முடையது.

பெயரை விடவும் வினைமுற்றுதான் இங்கே வில்லங்கம். 'ஆண்மை திரிந்த' பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்கிறது தொல்காப்பியம். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், பால் திரிந்தவர்களான பேடுகள் 'அஃறிணை அன்னவும் ஆகும்' என்று, 'வருது' போன்ற அஃறிணை வினைக்கும் கதவைத் திறந்துவிட்டது. பெரியவர் நன்னூல் படித்திருக்க மாட்டார், பழக்கம் படித்திருக்கிறது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் சுருண்ட தாடியும் பூங்குழலுமாய்ப் பேடிக்கோலம் ஆடுகிறது. தெருவில் கூடி நிற்பவர்கள் 'பேடு காண்குநர்'. வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் பெயர் உண்டு, ஆடுபவருக்குப் பேச்சு இல்லை.

'அரவாணி' கூவாகத்து அரவான் கதையிலிருந்து வந்தது. மரியாதையான சொல்தான், ஆனாலும் எல்லாரையும் ஒரே புராணத்தில் கட்டிவைத்தது. 'திருநங்கை'யில் அந்தக் கட்டு இல்லை. நங்கை என்றால் பெண்களில் சிறந்தவள், நம்பிக்கு இணை. முன்னால் ஒரு 'திரு'. ஆணாக வாழ்பவர் திருநம்பி, இருவருக்கும் பொதுவாகத் திருநர். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் நாள். மலேசியாவில் 1980களில் அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட 'மாக் ஞா'வில் 'மாக்' என்பது அம்மா. இங்கே திரு, அங்கே தாய்!

பாலின அடையாளம் பற்றிய எழுத்தில் தமிழும் மலாயும் பிரிகிற இடம் வேறு. மலாயில் 'டியா' ஒன்றே அவனுக்கும் அவளுக்கும். கதாசிரியர் பத்துப் பக்கம் வரை பாத்திரத்தின் பாலைச் சொல்லாமலே நகர்த்தலாம். தமிழில் முதல் வாக்கியமே மாட்டிவிடும்: வந்தானா, வந்தாளா? ஒருமுறை அப்படியொரு மலாய்ச் சிறுகதையைத் தமிழாக்க உட்கார்ந்து இதில்தான் சிக்கினேன். சரி, 'வந்தார்' என்று போட்டேன். பாதிக் கதை ஓடியது. அப்புறம் அம்மா பாத்திரம் வந்தாள், பிள்ளையைப் பற்றி அண்டைவீட்டாரிடம் பேச. தன் பிள்ளையை எந்த அம்மா 'வந்தார்' என்பாள்? அந்த அம்மா 'வந்தா' என்றே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.