பால்வினை: ஒரு பெயர்ப்பலகையும் சில பழைய சொற்களும்

பெரியம்மாவுக்குக் காலில் படை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் அறை எண் எழுதிக் கொடுத்தார்கள். தேடிப் போனால் வாசலில் பலகை: ‘தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு’. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சத்தமாகவே கேட்டார்: “அதென்னப்பா பால்வினை? பால் குடிச்சா வர்றதா?” முன்னால் நின்ற பையன் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டான். “அப்புறம் சொல்றேன் பெரியம்மா” என்று நானும் நழுவிவிட்டேன்.

குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒலி ஒன்று, சொல் வேறு. இந்தப் பால், ‘பகு’ என்னும் வேரில் பிறந்தது. பகு, பகல், பகுதி, பாதி எல்லாம் ஒரே குடும்பம். பகல் என்பதே சுருங்கிப் பால் ஆனது, அகல் ஆல் ஆனது போல. பிரிவு, கூறு என்பதுதான் அதன் பொருள். முப்பால் என்றால் மூன்று பிரிவு. தொல்காப்பியம் சொல்லும் ஐம்பால் ஐந்து பிரிவு; அதில் ஆண்பாலும் பெண்பாலும் இருப்பதால்தான், பின்னால் பால் என்ற சொல்லுக்கே ஆண், பெண் என்கிற வேறுபாடு முதன்மைப் பொருளாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘செக்ஸ்’ என்பதற்கு மூலமான ‘செக்சுஸ்’ என்ற லத்தீன் சொல்லையும், வெட்டுதல் என்று பொருள்படும் வினையோடு சேர்த்துப் பார்க்கும் சொல்லாய்வாளர்கள் உண்டு. அங்கேயும் கூறு போட்டதுதான்.

பாலோடு இயல் சேர்ந்து பாலியல். நல்ல சொல், ஆனால் பாவம். செய்தித்தாளில் அதற்குப் பின்னால் தொல்லை, வன்கொடுமை, குற்றச்சாட்டு ஆகிய மூன்றில் ஒன்று வராமல் இருப்பது அபூர்வம். ‘பாலியல் நலம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு கணம் ஏதோ அச்சுப்பிழை போலத் தோன்றுகிறது.

பால்வினையில் வருகிற வினை, சொன்னவர்கள் மனத்தில் வெறும் செயல்தான். பாலுறவுச் செயலால் வரும் நோய் என்று சொல்ல வந்தார்கள். ஆனால் தமிழில் வினை என்ற சொல் சும்மா இருக்காது. ‘அவன் செய்த வினை’ என்றால் யாரும் இலக்கணத்தை நினைப்பதில்லை. போதாக்குறைக்குப் பால் என்பதற்கும் ஊழ் என்று ஒரு பழம்பொருள் இருக்கிறது. ‘பரியினும் ஆகாவாம் பாலல்ல’ என்ற குறளில் வரும் பால் ஊழ்தான். ஆக, சங்கப் புலவர் ஒருவர் இன்று வந்து அந்தப் பலகையைப் படித்தால், விதிப்படி வந்த வினையின் நோய் என்று புரிந்துகொண்டு, இதற்கு வைத்தியம் எதற்கு என்று திரும்பிப் போய்விடுவார். வரிசையில் முதுகைக் காட்டி நின்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் படித்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் முன்பு இதை ‘வெனீரியல் டிசீஸ்’ என்றார்கள், சுருக்கமாக வி.டி. ரோமானியர்களின் காதல் தெய்வம் வீனஸ் பெயரில் வந்தது. வீனஸ் நமக்கு வெள்ளி, வடமொழியில் சுக்கிரன். சுக்கிரம் என்றால் விந்தும் கூட; தமிழ் மருத்துவ நூல்களில் சுக்கிலம் ஆகிவிட்டது. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மொழிகள் ஒரே கோளைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைத்து. பெரியம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, “மேகவெட்டைன்னு சொல்லு. அதுக்கா இவ்வளவு இழுக்கற?” என்றார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மேகவெட்டை. இரண்டு சொல் சேர்ந்தது. இந்த மேகம் வானத்து மேகம் இல்லை. சிறுநீர் கழித்தல் என்ற பொருளுள்ள வடமொழி ‘மேஹ’. ஹகரம் தமிழில் ககரமாகிவிட்டதால் இரண்டும் ஒன்று போல் நிற்கின்றன. நீர் வழியாக என்ன கோளாறு தெரிந்தாலும் பழைய வைத்தியத்தில் அது மேகம்தான். ஆயுர்வேதம் பிரமேகத்தை 20 வகையாகப் பிரிக்கிறது; அதில் ஒன்றான மதுமேகம் நம் சர்க்கரை நோய். வெட்டை என்றால் உடம்புச் சூடு. நீர்க்கடுப்பும் சீழுமாக வருவதைச் சூட்டின் வேலை என்று கருதி வெட்டை என்றார்கள். இன்றைக்குக் கொனோரியா எனப்படுவது பெரும்பாலும் இதற்குள் அடங்கும். கொனோரியா என்பதும் ஒரு தவறான பெயர்தான்: விந்து ஒழுகுதல் என்று கிரேக்கத்தில் பொருள். ஒழுகுவது சீழ், விந்து இல்லை.

இந்தக் குழப்பத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ‘வெள்ளை, வெட்டை, மேகநோய், ஆண்மைக் குறைவு’ என்று நான்கையும் ஒரே மூச்சில் எழுதி, கீழே லாட்ஜ் பெயரும் அறை எண்ணும் போட்டிருப்பார்கள். இதில் வெள்ளை என்கிற வெள்ளைப்படுதல் பல சமயம் நோயே இல்லை. பெண்ணுடம்பில் மாதச் சுழற்சிக்கு ஏற்பக் கூடிக் குறைகிற இயல்பான கசிவு அது. அரிப்பு, நாற்றம், நிற மாற்றம், அடிவயிற்று வலி சேர்ந்தால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போதும் அது பாலுறவால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தயிர்த் திப்பி போல வருகிற பூஞ்சைத் தொற்று சர்க்கரை நோயாலும் வரும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டதாலும் வரும். எல்லாவற்றையும் ஒரே சுவரில் எழுதிவைத்ததால், எத்தனையோ பெண்கள் இல்லாத குற்றத்துக்குக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் பரங்கிப்புண். சிபிலிஸ் நோய்க்குப் பழைய தமிழ்ப் பெயர். ஐரோப்பாவின் பிராங்க் இனத்தார் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் திரிந்து நம்மிடம் பரங்கி ஆனது. வெள்ளைக்காரர் வழியாக வந்ததெல்லாம் பரங்கி: பரங்கிக்காய், பரங்கிமலை, பரங்கிப்பேட்டை. அந்த வரிசையில் இந்தப் புண்ணும். 16-ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் இதைப் ‘பிரங்க ரோகம்’ என்கிறது. துருக்கி மொழியில் இன்றைக்கும் சிபிலிசுக்குப் பெயர் ‘ஃப்ரெங்கி’.

அதற்காகப் பரங்கியர் ஒப்புக்கொண்டார்களா என்றால் இல்லை. பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லசின் படை 1495-இல் நேப்பிள்சைப் பிடித்த சமயத்தில் இந்த நோய் ஐரோப்பாவில் பெரிதாக வெடித்தது. இத்தாலியர்கள் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ருஷ்யர்களுக்கு அது போலந்து நோய். ஊர் ஊராகப் போன நோய்க்கு ஒவ்வோர் ஊரும் பக்கத்து ஊரின் பெயரை வைத்தது. கடைசியில், ஃப்ரகஸ்தோரோ என்ற இத்தாலிய மருத்துவர் 1530-இல் எழுதிய கவிதையில் வரும் சிபிலுஸ் என்ற ஆட்டிடையன் பெயர்தான் நிலைத்தது. கற்பனை ஆள் என்பதால் சண்டைக்கு வரவில்லை.

புண்ணுக்கு மருந்தும் பரங்கியாகவே வந்தது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இப்போதும் பரங்கிப்பட்டை தருவார்கள்; பெயர் பட்டை, பொருள் கிழங்கு. சீனத்துச் சரக்கு. கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா, 1563-இல் அச்சான தன் நூலில் இந்தச் சீனக் கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் கொடுக்கப்பட்ட இன்னொரு மருந்து பாதரசம். நோயோடு பல்லும் போனது.

நோயின் போக்கும் ஏமாற்றுகிற போக்கு. தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண். அது தானே ஆறிவிடும். ‘லாட்ஜ் மருந்து கேட்டுவிட்டது’ என்று ஆள் நிம்மதியாவார். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பில் தடிப்பு, அதுவும் மறையும். பல ஆண்டு கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். தோலில் இத்தனை வேடம் கட்டுவதால்தான் தோல் பிரிவும் பால்வினைப் பிரிவும் ஒரே பலகையில் வந்தன. பெனிசிலின் இதைக் குணமாக்கும் என்று 1943-இல் தெரிந்தது. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் பென்சத்தின் பெனிசிலின் ஒரு வேளை ஊசியோடு முடிந்துபோகிற விஷயம்.

பெயர் வைத்துப் பழிபோடுவது அயலாரோடு நிற்கவில்லை. ஆங்கிலேய அரசு 1868-இல் இந்தியாவில் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தி, ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற பால்வினை நோய் மருத்துவமனைகளில் அடைத்தது. அவர்களிடம் போன சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் வேலையில்லை. 1986-இல் சென்னையில், நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறில் எச்.ஐ.வி. இருப்பது வேலூரில் நடந்த சோதனையில் தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். அதன்பின் பல ஆண்டுகள், அது ‘அந்த மாதிரி’ ஆட்களுக்கு வருகிற நோய் என்றே ஊர் நம்பியது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடெங்கும் விளம்பரம் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது எது சரியான தமிழ்? உலக வழக்கில் வி.டி. போய் எஸ்.டி.டி. (பாலுறவால் பரவும் நோய்) வந்து, அதுவும் எஸ்.டி.ஐ. (பாலுறவால் பரவும் தொற்று) ஆகிவிட்டது. நோய் என்ற இடத்தில் தொற்று. காரணம் எளிது: கிளமிடியா என்கிற பாக்டீரியாத் தொற்று போன்றவை பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓர் அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கும். நோயாளி என்று யாரும் தன்னை நினைக்கமாட்டார், ஆனால் தொற்று உண்டு, அடுத்தவருக்குப் போகும். ஆகவே நோயை எடுத்துவிட்டுத் தொற்று என்பதே பொருத்தம். முன்பகுதிக்குப் ‘பால்வழி’ என்று சிலர் போடுகிறார்கள். வானத்துப் பால்வெளியும் தாய்ப்பாலும் குறுக்கே வரும். எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் பரவும் என்பதால் இந்தக் குழப்பம் சிரிக்கிற குழப்பமும் இல்லை. ‘பாலுறவுத் தொற்று’ என்பதே என் கட்சி. சொன்ன உடனே புரிகிறது, வினையும் இல்லை விதியும் இல்லை. ஒரு குறை உண்டு: சிபிலிஸ் தாயிடமிருந்து கருவிலிருக்கும் குழந்தைக்கும் போகும், அங்கே உறவு எங்கே வந்தது? எந்தப் பெயரும் முழுசாக மூடாது.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, மொழி தெரிந்தவர். உள்ளே போகிறவர் எதற்குப் போகிறார் என்று அந்தப் பலகை காட்டிக்கொடுப்பதில்லை.

பெரியம்மா மகள் இப்போது ஐந்து மாதம். போன வாரம் அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை, அதற்கடுத்து வி.டி.ஆர்.எல். கர்ப்பிணிகளுக்கெல்லாம் எடுக்கிற சிபிலிஸ் சோதனை. அந்த நான்கு எழுத்தில் முதல் எழுத்து வெனீரியல், அதாவது வீனஸ். “விடிஆர்எல் நார்மல்” என்று பெரியம்மா பக்கத்து வீட்டம்மாவிடம் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.